‘அப்படியே’ என்ற சொல்லுக்கு எவ்வளவு கூலி? சேலத்தில் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும் முன்

சேலத்துக்கு மாற்றலாகி வருகிறவர்கள் வீடு பார்த்து, பால் காய்ச்சி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த கையோடு பக்கத்து வீட்டில் கேட்கும் கேள்வி இது: "வேலைக்கு யாராச்சும் கிடைப்பாங்களா? இங்க எவ்வளவு குடுக்கிறாங்க?" பக்கத்து வீட்டம்மா ஒரு தொகை சொல்வார். அது அவர் நாலைந்து வருடத்துக்கு முன்னால் பேசிய தொகையாக இருக்கும். கூடவே, "அதுக்கு மேல குடுத்து ரேட்டை ஏத்தி விட்டுடாதீங்க" என்று ஓர் எச்சரிக்கையும் வரும்.

என் அம்மா கன்னங்குறிச்சியிலிருந்து அஸ்தம்பட்டிப் பக்கம் 22 வருடம் வீட்டு வேலைக்குப் போனவர். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். இப்போது நான் ஆபீஸுக்குப் போகிறேன். என் வீட்டுக்கு ஓர் அக்கா வேலைக்கு வருகிறார். கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றவள் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பெரும்பாலும் ஆள் வைக்கிறவர்களுக்காக. நடுவில் சில பத்திகள் வேலைக்குப் போகிறவர்களுக்காக.

முதல் வேலை: கடிகாரத்தைப் பாருங்கள்

சேலத்தில் சம்பளம் பேசுவது ‘வேலை’க் கணக்கில். பாத்திரம் ஒரு வேலை. பெருக்கித் துடைப்பது ஒரு வேலை. துணி ஒரு வேலை. வாசல் தெளித்துக் கோலம் போடுவதைச் சிலர் தனியாகச் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். "மூணு வேலைக்கு இவ்வளவு" என்று பேச்சு முடியும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வேலை எங்கே முடிகிறது என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு பேர் இட்லி சாப்பிட்ட தட்டும் பாத்திரம்தான், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அண்டாவும் பாத்திரம்தான்.

சட்டம் இந்தக் கணக்கில் போகவில்லை, மணிக் கணக்கில் போகிறது. அதனால் ஆள் தேடுவதற்கு முன்னால் ஒரு நாள் வீட்டு வேலை முழுவதையும் நீங்களே கடிகாரம் பார்த்துச் செய்து பாருங்கள். நான் செய்தேன். நாலு பேர் வீட்டின் காலைப் பாத்திரம் 35 நிமிடம். இரண்டு பெட்ரூம் வீட்டைப் பெருக்கித் துடைக்க 50 நிமிடம். மெஷினில் துவைத்த துணியை மொட்டை மாடியில் காயப்போட்டு, முந்தின நாள் துணியை எடுத்து மடிக்க 20 நிமிடம். ஆக 1 மணி 45 நிமிடம். இடுப்பு பிடித்துக்கொண்டது தனிக் கணக்கு.

அக்கா இதே வேலையை ஒன்றரை மணியில் முடிக்கிறார், பழகிய கை. ஆனாலும் என் கணக்கையே வைத்துச் சம்பளம் பேசினேன். கை வேகமாக ஓடுகிறது என்பதற்காகக் கூலியைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்?

மாதம் 26 நாள் என்று வைத்தால் 45 மணி 30 நிமிடம் வருகிறது. இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனிமேல் எல்லாப் பேச்சும் இதை வைத்துத்தான்.

இப்போது ‘அப்படியே’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அம்மா வேலைக்குப் போன வீடுகளில் அவருக்குப் பயமே இந்தச் சொல்தான். "அப்படியே அந்த பாத்ரூமையும் ஒரு கை பார்த்துடு." "அப்படியே ரெண்டு தேங்காய் துருவிடு." "அப்படியே குழந்தையை வேன்ல ஏத்தி விட்டுடு." சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலையாகத்தான் தெரியும். ஒரு நாளைக்கு 15 நிமிடம் இப்படிப் போனால் மாதத்துக்கு ஆறரை மணி. மணிக்கு 80 ரூபாய் வைத்தால் 520 ரூபாய். வருடத்துக்கு 6,240. அம்மா அந்த வீடுகளில் விட்டுவிட்டு வந்தது இதைத்தான். மூன்று வீடு என்றால் மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் போட்ட கோடு எங்கே இருக்கிறது

"வீட்டு வேலைக்கெல்லாம் சட்டமா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருக்கிறது. வீட்டு வேலையைத் தமிழ்நாடு அரசு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்து, 2018-இல் ஊதியத்தையும் நிர்ணயித்தது. மணிக்கு 37 ரூபாயில் தொடங்கி, பயிற்சி உள்ளவர்களுக்கு 39 ரூபாய் வரை. தினம் 8 மணி நேரம் வேலை என்றால் மாதம் 6,836 ரூபாய். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸுக்கு 8,051 ரூபாய். வீட்டிலேயே தங்கி வேலை செய்பவர்களுக்கு இதற்கு மேல் 10 சதவீதம். குறைந்தபட்ச ஊதியத்தில் விலைவாசிக்குத் தக்கபடி அகவிலைப்படி சேர்ந்துகொண்டே போகும். தொழிலாளர் துறை அதை வருடம்தோறும் ஏப்ரல் 1 முதல் மாற்றும். ஆகவே 2018-இன் தொகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள்.

2025 நவம்பரில் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. பழைய அறிவிப்புகள் அதோடு செத்துப்போய்விடவில்லை. புதிது வரும்வரை தொடரும்.

என் வீட்டுக் கணக்கில் 45 மணி 30 நிமிடத்தை 37-ஆல் பெருக்கினால் 1,683 ரூபாய் 50 காசு. இது இதற்குக் கீழே போகக் கூடாது என்று போட்ட கோடு. கோட்டின் மேலேயே போய் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு மளிகைக் கடைக்குப் போய் வந்தவர்கள் யாரும் அந்தத் தொகையை வாய் கூசாமல் சொல்ல மாட்டார்கள். நான் மணிக்கு 80 ரூபாய் கணக்கில் 3,640 கொடுக்கிறேன். அதையும் தாராளம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

"காலையில டிபன் குடுக்கிறோமே, அதைக் கழிச்சுக்கலாமே?" கூடாது. கூலி பணமாகத்தான் போக வேண்டும். சாப்பாடு, பழைய புடவை, பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் உங்கள் அன்பு. சம்பளத்தில் கழிக்கும் வரவு அல்ல. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்று ஆனபோது, "இனிமே உனக்கு பஸ் செலவு மிச்சம்தானே" என்று சம்பள உயர்வைத் தள்ளிப்போட்ட வீட்டையும் எனக்குத் தெரியும். அரசாங்கம் அக்காவுக்குக் கொடுத்ததை அந்த வீடு எடுத்துக்கொண்டது!

ஹோம் நர்ஸை ஏஜென்சி வழியாக வைப்பவர்கள் ஒன்றை மட்டும் கேளுங்கள்: நான் கொடுப்பதில் அந்தப் பெண் கையில் எவ்வளவு போய்ச் சேருகிறது? ஏஜென்சியிடம் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடமும் தனியாகக் கேளுங்கள். இரவும் பகலும் ஒரே ஆளை உட்கார வைத்துவிட்டு ஒரு ஆள் சம்பளம் கொடுப்பது சட்டத்துக்கும் பொருந்தாது, நோயாளிக்கும் நல்லதல்ல.

ஒரு தாள், ஒரு காலண்டர்

பேசியதை எழுதி வையுங்கள். முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம் போதும். என் வீட்டில் இருப்பது இது:

"நேரம் காலை 7 முதல் 8.45 வரை. பாத்திரம், பெருக்கித் துடைப்பது, துணி காயப்போட்டு மடிப்பது. பாத்ரூம் இதில் இல்லை. வாரம் ஒரு தரம் கழுவினால் அரை மணிக் கூலி தனி. ஞாயிறு லீவு. மாதம் 2 நாள் சம்பளத்தோடு லீவு. சம்பளம் 3,640 ரூபாய், 5-ஆம் தேதிக்குள். நாங்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பது இல்லை. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம். ஏப்ரலில் சம்பளம் திரும்பப் பேசுவது. நிறுத்தினாலும் நின்றாலும் ஒரு மாதம் முன்னால் சொல்வது."

இரண்டு பிரதி எடுத்தோம். அக்கா தன்னுடையதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் மடித்து வைத்துக்கொண்டார். முதலில் கொஞ்சம் பயந்தார். "எதுக்குங்க இதெல்லாம், உங்களை நம்பாமயா வர்றேன்?" என்றார். நம்பிக்கை இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்றேன். சண்டை வந்த பிறகு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் மாட்டி, நூலில் பேனா கட்டித் தொங்க விட்டிருக்கிறேன். வந்த நாளுக்கு அக்கா ஒரு புள்ளி வைப்பார். கூடுதல் நேரம் நின்றால், கால் மணிக்கு ஒரு கோடு. மாதக் கடைசியில் இருவரும் சேர்ந்து எண்ணுவோம். ஒரு தடவை இரண்டு நாள் வரவில்லை என்று நான் சாதித்தேன். அவர் புள்ளியைக் காட்டி, "அன்னைக்குத்தாங்க சிலிண்டர் வந்துச்சு, நான்தானே வாங்கி வெச்சேன்" என்றார். தப்பு என் மேல்தான்.

அட்வான்ஸ் கொடுத்தால் அதையும் அதே தாளில் எழுதுங்கள், மாதம் எவ்வளவு பிடிப்பது என்பதோடு. "கடன் தீர்ற வரைக்கும் வேற வீட்டுக்குப் போகக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாங்கிய முன்பணத்துக்காக ஒருவரை வேலையில் கட்டி வைப்பது 1976-ஆம் வருடக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் குற்றம். ஆதார், ரேஷன் கார்டு எதன் ஒரிஜினலையும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

சம்பளத்தை ஜிபேயில் அனுப்புகிறவர்கள், அந்த எண் யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிறைய வீடுகளில் போன் கணவரிடமோ மகனிடமோ இருக்கும். உழைத்தவர் கைக்குப் பணம் வராமலே போகும். அக்கா பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ கணக்கு இல்லை என்றால், ஒரு சனிக்கிழமை கூடப் போய்த் தொடங்கிக் கொடுத்துவிடுங்கள்.

அந்தக் கணக்கு இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டுக்கு வருடம் 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை. ஆயுள் காப்பீட்டுக்கு வருடம் 436 ரூபாய், 18 முதல் 50 வயது வரை. இரண்டிலும் 2 லட்சம் ரூபாய் வரை. வருடம் 456 ரூபாய் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. ஈர மாடிப் படியில் துணி வாளியோடு ஏறி இறங்குகிறவருக்கு அது பெரிது.

லீவும் ஆடியும்

சம்பளத்தோடு விடுப்பு, போனஸ், இத்தனை நாள் நோட்டீஸ் என்று வீட்டு வேலைக்கு மட்டுமாக ஒரு முழுச் சட்டம் நாட்டில் இன்னும் வரவில்லை. இதைப் பரிசீலிக்கக் குழு அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மத்திய அரசிடம் சொன்னது. ஆனால் ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்பதைக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே பேசியிருக்கிறது. மற்றதை நாம் பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊருக்குப் புதியவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சேலத்தில் பெரிய பண்டிகை தீபாவளி இல்லை, ஆடி. கோட்டை மாரியம்மன் தொடங்கி அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று பேட்டைக்குப் பேட்டை மாரியம்மனுக்குப் பண்டிகை நடக்கும். பொங்கல் வைப்பது, மாவிளக்கு, குகையில் சாமி வேடம் போட்டு அலங்கார வண்டிகளில் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கை, வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள். அந்த வாரம் அக்கா வர மாட்டார். வர மாட்டார் என்பதை ஆனி மாதமே எழுதிக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி. "சொல்லாம கொள்ளாம நின்னுட்டா" என்று அழுவதில் பாதி, கேட்காமல் விட்டதால் வருவது.

நீங்கள் கோடை விடுமுறைக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால் அந்தப் பத்து நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். அவர் லீவு எடுக்கவில்லை, நீங்கள்தான் எடுத்தீர்கள்.

கண்ணாடிக் கிண்ணம் உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கையில் எத்தனை உடைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

டம்ளர், பாத்ரூம், லிஃப்ட்

அம்மாவுக்கு ஒரு வீட்டில் ஒரு டம்ளர் தனியாக இருந்தது. ஜன்னல் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். எவர்சில்வர், விளிம்பில் ஒரு நசுக்கல். காபியைக் குடித்துவிட்டு அவரே கழுவி அதே இடத்தில் கவிழ்க்க வேண்டும். அந்த வீட்டின் மற்ற டம்ளர்களையும் தினம் கழுவியது அவர்தான்! அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அந்த ஜன்னல் வரைக்கும் அது வந்து சேரவில்லை.

உட்கார ஒரு நாற்காலி, குடிக்க வீட்டு டம்ளர், போக ஒரு பாத்ரூம். மூன்று வீட்டு வேலை முடித்து மத்தியானம் வீடு திரும்பும்வரை எங்கேயும் ஒதுங்க இடம் இல்லாமல் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தது அதனால்தான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கே விளங்கியது. அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள், சங்கக் கூட்டத்தில் "வேலைக்கு வர்றவங்க லிஃப்ட்ல ஏறக் கூடாது" என்று தீர்மானம் வந்தால் வாய் திறந்து எதிர்த்துப் பேசுங்கள்.

நல வாரியத்தில் பதிவு

இது வேலைக்குப் போகிறவர்களுக்கு. வேலை கொடுப்பவர்களும் படிக்கலாம், ஏனென்றால் உங்கள் கையெழுத்து தேவைப்படும்.

தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் 2007-இல் தொடங்கியது. 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் சேரலாம். கட்டணம் கிடையாது, "500 குடுங்க, கார்டு வாங்கித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, கண்கண்ணாடி, விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. 60 வயது முடிந்த பிறகு மாத ஓய்வூதியம்.

வேண்டியவை: ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், வயதுக்கு ஆதாரம், போட்டோ, ஆதாரோடு இணைந்த போன் எண், வீட்டு வேலைதான் செய்கிறார் என்பதற்கு ஒரு சான்று. இந்தச் சான்றில்தான் பலருக்குத் தடங்கல். வேலை கொடுக்கும் வீட்டில் கையெழுத்துக் கேட்டால், "நாளைக்குக் கேஸ் கீஸ் போட்டுடுவியா?" என்று பயப்படுகிறார்கள். இந்த அம்மா எங்கள் வீட்டில் வேலை செய்கிறார் என்று சொல்வதைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. பயப்படாமல் போடுங்கள். வீட்டுக்காரர் போடவில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரையோ தொழிற்சங்கத்தையோ பார்க்கலாம். விண்ணப்பம் ஆன்லைனில்தான், இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள்.

அக்காவை இ-சேவை மையத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். எல்லாத் தாளும் சரியாக இருந்தது. விரல் ரேகை விழவில்லை. வலது கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை, எதை வைத்தாலும் இயந்திரம் சிவப்பு விளக்கைத்தான் காட்டியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அக்கா விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்தார். அழுக்கு இருந்தால்தானே துடைப்பதற்கு? பாத்திரத் தூளும் கம்பி நாரும் போட்டு வருடக் கணக்கில் தேய்த்ததில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது. கடைசியில் போனுக்கு வந்த ஓடிபி வைத்து முடித்தோம். ஆகவே கிளம்பும் முன் ஆதாரில் இருக்கும் போன் எண் இப்போதும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மகன் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டிருந்தால், முதலில் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றுங்கள். முந்தின நாள் இரவு கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போனால் சிலருக்கு ரேகை விழுகிறது என்று மையத்துப் பெண் சொன்னார்.

‘இ-ஷ்ரம்’ அட்டை வைத்திருப்பவர்கள் வாரியத்திலும் சேர்ந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அது மத்திய அரசின் பதிவு, 2021-இல் வந்தது, 16 முதல் 59 வயது வரை. வாரியம் மாநில அரசுடையது. இரண்டும் வேறு, இரண்டிலும் சேரலாம்.

தொழிலாளர் துறையிலும் இதே மாதிரி ஒரு குழப்பம் இருக்கிறது. வாரிய அட்டை, உதவித்தொகை சம்பந்தமாக என்றால் தொழிலாளர் உதவி ஆணையர், சமூகப் பாதுகாப்புத் திட்டம். சம்பளம் தரவில்லை, குறைத்துத் தருகிறார்கள் என்றால் தொழிலாளர் உதவி ஆணையர், அமலாக்கம். துறை ஒன்று, ஆள் வேறு. பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டால் ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

மலை மேல் கணக்கு வேறு

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டு மலைக்குப் போனால் வீடு என்பதற்கே வேறு அர்த்தம். பங்களா இருக்கும், முதலாளி பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பார். வாரக் கடைசியில் சொந்தக்காரர்கள் வருவார்கள். மற்ற நாளில் அதே அறைகளை வாடகைக்கு விடுவார்கள். பார்த்துக்கொள்ளும் கணவனும் மனைவியும் பின்கட்டில் இருப்பார்கள். பல இடங்களில் சம்பளம் கணவருக்கு மட்டும். மனைவி சமைப்பதும் படுக்கை விரிப்பைத் துவைப்பதும் ‘அப்படியே’ கணக்கில் போய்விடும்.

இங்கே இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வேலை செய்வது இரண்டு பேர் என்றால் சம்பளமும் இரண்டு, இரண்டு பேர் கையிலும் தனித்தனியாக. இன்னொன்று, காசு வாங்கிக்கொண்டு விருந்தாளிகளைத் தங்க வைக்கும் இடம் வீடு அல்ல, வியாபாரம். பெயர்ப் பலகையில் ஹோம் ஸ்டே என்று எழுதியிருந்தாலும் சரி, காட்டேஜ் என்று எழுதியிருந்தாலும் சரி. ஹோட்டல் தொழிலுக்குத் தனியாகக் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பு இருக்கிறது. வீட்டு வேலைச் சம்பளத்தை அங்கே காட்டி ஒப்பேற்ற முடியாது. மே மாதம் கோடை விழாச் சமயத்தில் ராத்திரி 11 மணிக்கு வந்து இறங்கும் காருக்கு எழுந்து வெந்நீர் வைக்கும் நேரமும் வேலை நேரம்தான். காலண்டரில் கோடு போடச் சொல்லுங்கள்.

தங்கி வேலை செய்பவருக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும். ஸ்டோர் ரூமில் பாய் போட்டால் அது தங்குமிடம் ஆகாது. கீழே ஊருக்குப் போக மாதம் இரண்டு நாள், பஸ் கிடைக்கும் நேரத்தில் விட வேண்டும். கடைசி பஸ் போன பிறகு லீவு கொடுத்து என்ன செய்வது?

மலைக் கிராமங்களிலிருந்து சின்னப் பெண்களைச் சேலத்துக்குக் கூட்டி வந்து, "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி, படிக்க வெக்கிறோம்" என்று சொல்லும் வீடுகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிறாளா, பாத்திரம் தேய்த்த பிறகு போகிறாளா என்று பாருங்கள். 14 வயதுக்குள் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது; வீட்டு வேலைக்கு இந்தத் தடை 2006-லேயே வந்துவிட்டது. மீறினால் 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். பக்கத்து வீட்டில் பார்த்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், அம்மா வேலை செய்த வீட்டில் குழந்தையின் வெள்ளிக் கொலுசு காணாமல் போனது. கொலுசு செய்யும் ஊரில் கொலுசுக்குப் பஞ்சம் இல்லை, ஆனாலும் அம்மாவின் பையைத் தரையில் கொட்டினார்கள். ஒரு டிபன் பாக்ஸ், மாத்திரை அட்டை, டவுன் பஸ் டிக்கெட், எனக்காக வாங்கிய ரெண்டு ரிப்பன். நாலு நாள் கழித்து அந்தக் கொலுசு மெத்தை உறைக்குள்ளிருந்து கிடைத்தது. "கிடைச்சிடுச்சு, நாளைக்கு வந்துடு" என்று ஆள் அனுப்பினார்கள். அம்மா போகவில்லை. பாக்கி பதினெட்டு நாள் சம்பளமும் வரவில்லை.

ஆகவே வீட்டுக்காரர்களுக்கு: நகையைப் பூட்டி வைப்பது உங்கள் வேலை. சந்தேகம் வந்தால் போலீஸில் புகார் கொடுங்கள். பையைக் கொட்டும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு: விசாரணை என்று போலீஸ் கூப்பிட்டால் பெண்களை அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. சூரியன் மறைந்த பிறகு பெண்களைச் சாதாரணமாகக் கைது செய்யவும் கூடாது. ‘வீட்டுக்கு வந்து கேளுங்க’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டில் யாராவது கை வைத்தாலோ, தப்பாகப் பேசினாலோ, 2013-ஆம் வருடப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் பொருந்தும். அந்த வீடுதான் உங்கள் பணியிடம். மாவட்டத்தில் இதற்கென உள்ளூர்க் குழு இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலர் வழியாக அணுகலாம். நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் குழு 7 நாளுக்குள் போலீஸுக்கு அனுப்ப வேண்டும். எழுதத் தெரியாது என்றால் எழுதிக் கொடுப்பதும் குழுவின் பொறுப்பு.

சம்பளப் பாக்கிக்கு அமலாக்கப் பிரிவு உதவி ஆணையரிடம் மனு. அங்கே நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வக்கீல் வேண்டும் என்றால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். எங்கே போனாலும் அந்தத் தாளையும் காலண்டரையும் கொண்டு போங்கள். அம்மாவிடம் அந்தப் பதினெட்டு நாளுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

போன் எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, சட்ட உதவிக்கு 15100, அவசரத்துக்கு 112. எங்கள் வீட்டுக் காலண்டரின் பின் அட்டையில் அக்கா இந்த நான்கையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். 1098-க்குப் பக்கத்தில் பால்காரர் எண்ணும் இருக்கிறது.